மாட்டிறைச்சி சொசேஜும் நமது பிள்ளைகளின் ஆரோக்கியமும்

நமது நகரப்புற இல்லங்களில் காலைப் பொழுது இப்போது முன்னைப் போல் இல்லை. இடியப்பமும் பிட்டும் அவிந்த அடுக்களைகளில் இன்று குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட சொசேஜ்கள் சில நிமிடங்களில் பொரிந்து, பாணுக்குள்ளோ பணிசுக்குள்ளோ வைக்கப்பட்டுப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியினுள் சென்றுவிடுகின்றன. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் இதனைக் குறை கூறிப் பயனில்லை. நேரமின்மையும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தே இப்பழக்கத்தை நம்மிடையே வேரூன்றச் செய்துள்ளன. அமெரிக்கர்கள் ‘ஹொட் டோக்’ என்று அழைக்கும் உணவு, நமது வெதுப்பகங்களில் ‘சொசேஜ் பணிஸ்’ என்ற பெயரில் நிலைபெற்றுவிட்டது.

கடையில் சொசேஜ் வாங்கும்போது நம்மவர்கள் வழமையாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. முஸ்லிம் சகோதரர் ஒருவர் ‘இது ஹலாலா?’ என்று கேட்கிறார். சைவர் ஒருவர் ‘இதில் மாட்டிறைச்சி கலந்துள்ளதா?’ என்று கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகள். அவரவர் நம்பிக்கை சார்ந்த உரிமையும் அவற்றில் அடங்கியுள்ளது. ஆனால் ‘இதில் உப்பு எவ்வளவு? கொழுப்பு எவ்வளவு? இதனை என் பிள்ளை வாரத்தில் எத்தனை தடவை உண்ணலாம்?’ என்ற மூன்றாவது கேள்வியை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. மாட்டிறைச்சி உண்பது சரியா, தவறா என்ற விவாதத்தினுள் நுழைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த மூன்றாவது கேள்விக்கு விடை தேடுவதே நோக்கமாகும்.

தூய்மை வேறு, போஷாக்கு வேறு

ஜேர்மனியின் பிராங்போர்ட் நகரையும் ஒஸ்ரியாவின் வியன்னா நகரையும் பூர்வீகமாகக் கொண்ட இந்த உணவு, ஐரோப்பியக் குடியேறிகளுடன் அமெரிக்காவைச் சென்றடைந்தது. அங்கு அது பெரும்பாலும் பன்றி இறைச்சியாலேயே தயாரிக்கப்பட்டு வந்தது. முற்றிலும் மாட்டிறைச்சியாலான சொசேஜ் அங்கு பரவலான பெருமை நியூயோர்க்கில் குடியேறிய யூதர்களையே பெரிதும் சாரும். முஸ்லிம்களைப் போன்றே யூதர்களுக்கும் பன்றி இறைச்சி விலக்கப்பட்டதொன்றாகும். 1905 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட ‘ஹீப்ரூ நஷனல்’ என்ற நிறுவனமும், 1916 ஆம் ஆண்டில் கோனி ஐலண்ட் கடற்கரையில் நேதன் ஹேன்ட்வேக்கர் என்பவர் ஐந்து சதத்துக்கு ஹொட் டோக் விற்ற சிறிய கடையும் இவ்வரலாற்றின் முக்கிய அடையாளங்கள்.

1906 ஆம் ஆண்டில் அப்டன் சின்கிளேயர் எழுதிய ‘த ஜங்கிள்’ என்ற நாவல் சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அருவருக்கத்தக்க நிலையை வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டில் அந்நாட்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் நிறைவேறியது. இறைச்சித் தொழில் மீதான ஐயம் அமெரிக்கர் மனதில் முற்றாக நீங்கவில்லை. தமது நிறுவனம் அரசாங்கத்துக்கும் மேலான ஓர் அதிகாரத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்ற பொருள்பட ‘ஹீப்ரூ நஷனல்’ 1965 ஆம் ஆண்டில் செய்த விளம்பரம், யூதரல்லாதவர்களையும் பெருமளவில் கவர்ந்தது. சமயத் தூய்மையின் அடையாளத்தை உடல்நலத்தின் அடையாளமாகவும் மக்கள் எடுத்துக்கொண்டனர். ஆனால் மதகுருவின் மேற்பார்வை அச்சொசேஜில் இருந்த உப்பையோ கொழுப்பையோ ஒரு கிராமேனும் குறைத்துவிடவில்லை.

நமது நாட்டிலும் நிலைமை அதுவேயாகும். 2013 ஆம் ஆண்டில் ஹலால் சான்றிதழ் எத்தகைய இனவாதப் பிரசாரத்துக்கு இலக்கானது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அப்பொறுப்பிலிருந்து விலகி, அதற்கென வேறொரு சபை அமைய வேண்டிய நிலையும் அதனால் ஏற்பட்டது. அந்தச் சர்ச்சைக்குப் பின்னர் ஹலால் முத்திரை ஒரு சமூகத்தின் தன்மானத்தோடும் பிணைந்துவிட்டது. ஆயினும் அம்முத்திரை கூறுவது, அவ்வுணவு ஆகுமானது என்பதையே. அது தினமும் உண்ணத்தக்கது என்று அம்முத்திரை ஒருபோதும் கூறவில்லை. இஸ்லாமிய அறிஞர்கள் உணவைப் பற்றிப் பேசும்போது ‘ஹலால்’ என்பதுடன், நல்லது என்ற பொருள்தரும் ‘தையிப்’ என்பதையும் இணைத்தே பேசுவர். முதலாவது சொல்லுக்கு நாம் முத்திரை தேடுகிறோம். இரண்டாவது சொல்லுக்கு நாமே பொறுப்பாளிகள்.

சொசேஜினுள் இருப்பது என்ன?

சொசேஜ் தயாரிப்பில், இறைச்சி வெட்டும்போது எஞ்சும் துண்டுகளும் கொழுப்பும் பனிக்கட்டி நீருடன் சேர்த்துப் பசையாக அரைக்கப்படுகின்றன. உப்பு, பொஸ்பேற்று, மாப்பொருள் அல்லது சோயாப் புரதம், வாசனைத் திரவியங்கள் என்பன அதனுடன் சேர்கின்றன. அந்தப் பசை உறையினுள் நிரப்பப்பட்டு, புகையூட்டப்பட்டு, வேகவைக்கப்படுகிறது. அமெரிக்கச் சட்டத்தின்படி ஹொட் டோக்கில் 30 வீதம் வரை கொழுப்பு இருக்கலாம். கொழுப்பும் சேர்க்கப்படும் நீரும் சேர்ந்து 40 வீதத்தைத் தாண்டலாகாது. அதாவது, சட்டத்துக்கு முற்றிலும் அமைவான ஒரு சொசேஜில் ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பும் நீருமாக இருக்க இடமுண்டு.

இதன் விளைவை இலக்கங்களிற் காண்பது நன்று. சமைத்த, கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 26 கிராம் புரதம் உண்டு. அதே நிறையுள்ள மாட்டிறைச்சி சொசேஜில் புரதம் ஏறத்தாழ 11 அல்லது 12 கிராம் மாத்திரமே. கொழுப்போ 28 கிராம் அளவில் இருக்கிறது. அதில் கணிசமான பகுதி இருதயத்துக்கு உகந்ததல்லாத நிரம்பிய கொழுப்பாகும். ‘இறைச்சி கொடுக்கிறோம்’ என்று நினைத்துக்கொண்டு பெற்றோர் கொடுப்பது, புரதத்தைவிடக் கொழுப்பை இருமடங்குக்கும் அதிகமாகக் கொண்ட ஒரு பண்டத்தையே.

உப்பின் கதை இதனினும் பாரதூரமானது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே, அதாவது 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியத்தையே, உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைக்கின்றது. 50 கிராம் நிறையுள்ள ஒரு சொசேஜில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் சோடியம் உண்டு. இரண்டு சொசேஜ்களை உண்டால் அன்றைய அளவின் பாதி முடிந்துவிடும். பணிஸ், சோஸ் ஆகியவற்றின் உப்பு வேறு. பகலில் கருவாடும் ஊறுகாயும் உண்ணும் நமது வழக்கத்தையும் இத்துடன் கூட்டிப் பார்த்தல் வேண்டும். சிறு பிள்ளைகளுக்கான வரம்பு இதனிலும் குறைவு. இந்நாட்டில் நிகழும் மரணங்களுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை இருதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் முதலான தொற்றா நோய்களால் நிகழ்பவை. உயர் குருதியமுக்கம் அவற்றுட் பலவற்றுக்கு வாயிலாக அமைகிறது. உப்பின் சுவை சிறு வயதிலேயே நாவிற் பழகிவிடுகிறது என்பதையும் மறத்தலாகாது.

மாட்டிறைச்சியின் நற்குணங்களையும் மறைத்தல் முறையன்று. உடல் எளிதில் உறிஞ்சும் இரும்புச்சத்து, நாகம், விற்றமின் பீ12 ஆகியவற்றுக்கு அது நல்ல மூலமாகும். குருதிச்சோகையால் பாதிக்கப்படும் பெண்களும் பிள்ளைகளும் நம்மத்தியில் பலர் உள்ளனர். மாட்டிறைச்சி உண்ணும் குடும்பங்களில் அவர்களுக்கு அது பயனளிக்கும். ஆனால் அப்பயனைப் பெறுவதற்குக் கறியாகச் சமைத்த சிறிதளவு புதிய இறைச்சியே உகந்தது. சொசேஜில் அச்சத்துக்கள் கொழுப்பாலும் நீராலும் நீர்த்துப்போகின்றன.

நைத்திரைற்று என்னும் இருமுனைக் கத்தி

வேகவைத்த மாட்டிறைச்சி சாம்பலும் கபிலமும் கலந்த நிறமுடையது. சொசேஜோ இளஞ்சிவப்பாக இருக்கிறது. அந்நிறத்தைத் தருவது சோடியம் நைத்திரைற்று என்னும் இரசாயனப் பொருள். அது நிறத்துக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் வூட்டம்பேர்க் பிரதேசத்தில் சொசேஜ் உண்டவர்கள் பார்வை மங்கி, தசைகள் செயலிழந்து, மூச்சடங்கி இறந்தனர். கவிஞரும் வைத்தியருமான யஸ்டினஸ் கேர்னர் 1820 ஆம் ஆண்டிலும் 1822 ஆம் ஆண்டிலும் அந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த நஞ்சைத் தம்முடலிலேயே சோதித்துப் பார்த்தவர் அவர். சொசேஜைக் குறிக்கும் ‘பொட்டுலஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே அந்நோய்க்கு ‘பொட்டுலிசம்’ என்ற பெயர் வந்தது. பின்னர் 1897 ஆம் ஆண்டில், அந்நோயை விளைவிக்கும் பக்டீரியாவைத் தாம் கண்டறிந்ததை பெல்ஜிய விஞ்ஞானி எமில் வான் எர்மெங்கம் வெளியிட்டார். அந்தப் பக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் நைத்திரைற்றுக்கு உண்டு. 1925 ஆம் ஆண்டில் அமெரிக்கா அதன் பாவனைக்கு அனுமதி வழங்கியது.

ஆனால் உயிரைக் காக்கச் சேர்க்கப்பட்ட அதே பொருள் மற்றொரு தீமைக்கும் வழிவகுத்தது. இறைச்சியிலுள்ள அமைன்களுடன் நைத்திரைற்று சேரும்போது, புற்றுநோயை விளைவிக்கவல்ல நைத்திரோசமைன்கள் உருவாகலாம். அதிக வெப்பத்தில் பொரிக்கும்போதும், குடலினுள்ளும் இது நிகழ்கிறது. சிவப்பு இறைச்சியிலுள்ள ‘ஹீம்’ என்ற இரும்புச் சேர்வை இதனை மேலும் தூண்டுகிறது. இதன் காரணமாகவே நைத்திரைற்றின் அளவுக்குச் சட்ட வரம்புகள் விதிக்கப்பட்டதோடு, இத்தாக்கத்தைக் குறைக்கும் அஸ்கோபேற்றும் சேர்க்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆம் ஆண்டில் தனது வரம்புகளை மேலும் இறுக்கியது. அவ்விதிகள் 2025 ஒக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

புற்றுநோய்: அச்சமும் அளவும்

2015 ஒக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பரபரப்பை ஏற்படுத்தியது. பத்து நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள், 800 க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருட்களின் முதலாவது தொகுதியிற் சேர்த்தனர். புகையிலையும் அதே தொகுதியில் இருப்பதால், ‘சொசேஜும் சிகரட்டும் ஒன்று’ என்ற தலைப்புகள் பத்திரிகைகளை நிறைத்தன. இது தவறான விளக்கமாகும். அத்தொகுதி, சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் கூறுகிறதேயன்றி, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் கூறவில்லை. அவ்வேளையில் மேற்கோள் காட்டப்பட்ட மதிப்பீடுகளின்படி, உலகில் ஆண்டுதோறும் புகைத்தலால் ஏற்படும் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ 10 இலட்சம். பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவு முறையால் ஏற்படுபவை ஏறத்தாழ 34,000.

அப்படியாயின் ஆபத்தின் அளவு என்ன? நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சியை, அதாவது ஏறத்தாழ ஒரு சொசேஜை, தொடர்ந்து உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு 18 வீதத்தால் அதிகரிக்கிறது என்பதே அந்நிபுணர்களின் கணிப்பு. இதனை நூறு சொசேஜ் உண்பவர்களுள் 18 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று பொருள்கொள்ளலாகாது. நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் அந்நோய் வரக்கூடும் என்று வைத்துக்கொண்டால், தினமும் சொசேஜ் உண்பவர்களிடையே அது ஏறத்தாழ ஆறு பேராக உயரும். தனியொருவருக்கு இது சிறிய அதிகரிப்பு. ஒரு தேசத்துக்கோ அது ஆயிரக்கணக்கான நோயாளிகள். எப்போதாவது ஒரு திருமண விருந்தில் உண்பவர் கலவரமடையத் தேவையில்லை. ஐந்து வயதில் தொடங்கி ஒவ்வொரு பாடசாலை நாளிலும் உண்ணும் பிள்ளையைப் பற்றியே நாம் கவலைகொள்ள வேண்டும்.

இங்கு மற்றொரு மயக்கத்தையும் களைதல் அவசியம். மாட்டிறைச்சி உண்ணாதோர் கோழி சொசேஜ் பாதுகாப்பானது என்று நம்புகின்றனர். ‘பதப்படுத்திய இறைச்சி’ என்ற வரைவிலக்கணத்தினுள் கோழியும் அடங்கும். உப்பும் நைத்திரைற்றும் அதிலும் உண்டு. கொழுப்பு ஓரளவு குறைவாக இருக்கலாம், அவ்வளவே. மேலும், சொசேஜ் உறைகளிற் சில மாட்டுத்தோலிலிருந்து பெறப்படும் கொலாஜனால் ஆனவை. சில உறைகள் ஆட்டினதோ பன்றியினதோ குடலால் ஆனவை. ஆகவே சைவரும் முஸ்லிமும் பெயர்ப்பலகையை மட்டும் நம்பாது, பொதியின் பின்புறத்தையும் வாசித்தல் நன்று.

குளிரிலும் வளரும் கிருமி

புற்றுநோய் பல்லாண்டுகள் கழித்து வருவது. உடனடியாக உயிரைப் பறிக்கவல்ல ஆபத்தும் ஒன்றுண்டு. சொசேஜ் தொழிற்சாலையிலேயே வேகவைக்கப்படுகிறது. ஆனால் வெந்த பின்னர், பொதியிடுவதற்கு முன்னர், ‘லிஸ்டீரியா’ என்னும் பக்டீரியா அதில் தொற்றிக்கொள்ள இடமுண்டு. ஏனைய கிருமிகள் குளிரில் அடங்கிவிட, இது குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெதுவாகப் பெருகுவது. 2017, 2018 ஆம் ஆண்டுகளில் தென்னாபிரிக்காவில் ‘பொலோனி’ என்னும் சொசேஜ் வகையினால் பரவிய இந்நோய் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்து, இருநூறுக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. அவர்களுட் பலர் பிறந்து சில நாட்களேயான சிசுக்கள். உலகில் இதுவரை பதிவான இத்தகைய தொற்றுகளுள் பெரியது அதுவே.

கர்ப்பிணித் தாய்மாருக்கு இந்நோய் சாதாரண காய்ச்சலைப் போல் வந்து போகலாம். வயிற்றிலுள்ள சிசுவோ இறந்துவிட நேரலாம். முதியோரும் நீரிழிவு முதலான நோயுள்ளோரும் இதனால் எளிதிற் பாதிக்கப்படுவர். ஆகவே பொதியிலிருந்து எடுத்த சொசேஜை அப்படியே உண்ணாது, உள்ளே ஆவி பறக்கும் வரை, அதாவது 74 பாகை செல்சியஸ் வரை, சூடாக்கியே உண்ண வேண்டும் என்று வைத்தியர்கள் அறிவுறுத்துகின்றனர். நமது வெப்ப நாட்டில் இவ்வறிவுரை இருமடங்கு பொருந்தும். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் மின்சாரமின்றித் தவித்த நாம், உறைந்து இளகி மீண்டும் உறைந்த உணவு எத்தகையது என்பதை அறியாதவர்களல்லர். பொதியினுள் பனிக்கட்டி படிந்து, சொசேஜ்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது இவ்வாறு இளகி உறைந்ததன் அறிகுறியாகலாம். அத்தகைய பொதியைத் தவிர்ப்பதே புத்தி.

சிறு குழந்தைகளின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய விடயம் இன்னுமொன்று உண்டு. உருண்டையாக வெட்டிய சொசேஜ் துண்டு, குழந்தையின் மூச்சுக்குழாயை மூடும் தக்கையைப் போன்ற அளவும் மென்மையும் உடையது. உணவு புரையேறி மூச்சடைத்துக் குழந்தைகள் இறப்பதற்கு ஹொட் டோக் முதன்மையான காரணங்களுள் ஒன்று எனச் சுட்டிக்காட்டிய அமெரிக்கக் குழந்தைநல வைத்தியர் கழகம், 2010 ஆம் ஆண்டில் அதன் வடிவத்தையே மாற்றியமைக்குமாறு கோரியது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதனைக் கொடுக்காதிருப்பதே மேல். கொடுப்பதாயின் நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பின்னர் சிறு துண்டுகளாக்க வேண்டும். ஓடும்போதும் வாகனத்திற் செல்லும்போதும் கொடுக்கலாகாது.

செய்யத்தக்கவை

முற்றாக விலக்குங்கள் என்று கூறுவது எளிது. அது நடைமுறைக்கு ஒவ்வாதது. அன்றாட உணவு என்ற இடத்திலிருந்து இதனை இறக்கி, எப்போதாவது உண்ணும் பண்டம் என்ற இடத்தில் வைப்பதே முதற்படியாகும். பொரிப்பதற்குப் பதிலாக நீரில் நன்கு கொதிக்க வைத்தால் எண்ணெயும் குறையும், கருகுவதால் விளையும் கேடும் குறையும். சோஸைத் தவிர்த்து, வெள்ளரிக்காய், தக்காளி, சலாது இலை என்பவற்றைச் சேர்க்கலாம். அவித்த முட்டை, கடலைச் சுண்டல், அவித்த கௌபி, பயறு, மீன் சம்பல் என்பன பாடசாலைப் பெட்டிக்குப் புதியவையல்ல. நமது தாய்மார் நேற்று வரை வைத்தனுப்பியவையே அவை. மாட்டிறைச்சி உண்ணும் இல்லங்களில் விடுமுறை நாளில் சமைத்த இறைச்சியிற் சிறிதளவை எடுத்து உறையவைத்து, வார நாளில் பாணுக்குள் வைக்கலாம். நோன்பு துறக்கும் வேளையில், நாள் முழுதும் நீரின்றியிருந்த உடலுக்கு உப்பு மிகுந்த சொசேஜ் ரோல்ஸ் எவ்வகையிலும் உகந்ததன்று. அவ்வேளைக்குக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் ஏற்கெனவே நம்மிடம் உண்டு.

ஆனால் முழுப் பொறுப்பையும் தாய்மாரின் தலையிற் சுமத்துவது நியாயமாகாது. 2016 ஆம் ஆண்டில் மென்பானங்களின் சீனி அளவைக் காட்டுவதற்கு அறிமுகமான சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறியீட்டு முறை, 2019 ஆம் ஆண்டில் திண்ம உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இது பாராட்டத்தக்க நடவடிக்கை. ஆனால் பொதியைப் பிரித்துத் தனித்தனியாக விற்கும் சில்லறைக் கடையிலும், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் கண்ணாடிப் பெட்டியிலும் அந்நிறங்கள் பாவனையாளரின் கண்ணிற் படுவதில்லை. சிற்றுண்டிச்சாலைகளில் என்ன விற்கப்படுகிறது என்பதை அதிபர்களும் பெற்றோர் சங்கங்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் ஒன்றிணைந்து கண்காணித்தல் வேண்டும். மூன்று மொழிகளிலும் தெளிவாக அச்சிடப்பட்ட உள்ளடக்க விபரம் பாவனையாளரின் உரிமையாகும். அது தமிழில் வாசிக்கக்கூடிய அளவில் இல்லையெனில், தமிழ் பேசும் தாய்க்கு அந்த உரிமை மறுக்கப்பட்டதாகவே பொருள்.

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. அது பேசுவது பெரிதும் உணவின் அளவைப் பற்றியே. இஸ்லாமும் உணவில் வீண்விரயத்தையும் மிகையையும் கண்டிக்கின்றது. எதை உண்பது என்பதில் நமது சமூகங்கள் வேறுபட்டிருக்கலாம். எவ்வளவு உண்பது என்பதில் இரண்டு மரபுகளும் ஒரே அறிவுரையையே கூறுகின்றன. சொசேஜ் வாங்கச் செல்லும் ஒவ்வொருவரும் தமது வழமையான கேள்வியைக் கேட்கட்டும். அத்துடன் பொதியைத் திருப்பி அந்த மூன்றாவது கேள்வியையும் கேட்பார்களாயின், நமது பிள்ளைகள் நாற்பது வயதில் வைத்தியசாலை வரிசையில் நிற்க நேரும் வாய்ப்பு சிறிதேனும் குறையும்.